சிவப்பு வெளியே தெரியக் கூடாது

நேற்று இரவு முழுக்க
இரும்புக் கூண்டைக் கவிழ்த்து, அடியில் எரிவாயு கொளுத்தி
நிலத்தை இளக்கினார்களாம்.
வடக்கு டகோட்டாவில்
ஜனவரி மண் கல்லுக்கு அண்ணன்.

ஏழு பேர் நிற்க வேண்டிய வரிசை.
இன்று ஐந்து.
ஹில்மருக்கு இடுப்பெலும்பு மாற்றியிருக்கிறது.
ஓர்விலை அக்டோபரில் இதே வரிசையில் நின்று
நாங்களே அனுப்பி வைத்தோம்.
நான் போட்டிருப்பது ஓர்விலின் மேல்கோட்டு.
கை அரை அங்குலம் நீளம்.

பெட்டிக்குள் இருப்பவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.
லெஸ்டர் புரோடாஷ், எழுபத்தேழு,
தரைப்படை, லாரி மெக்கானிக்,
இரண்டு வருடம் நான்கு மாதம்.
தாளில் இருந்தது அவ்வளவுதான்.
நெருங்கிய உறவு என்ற கட்டத்தில்
யாரோ ஒரு கோடு இழுத்திருந்தார்கள்,
அடிக்கோல் வைத்து, நேராக.

நான் கப்பற்படையில் சமையற்காரன்.
ஆயிரத்து நூறு பேருக்கு முட்டை பொரித்தவன்.
போரில் ஒரு குண்டும் சுட்டதில்லை.
சுட்டதெல்லாம் இங்கேதான்:
பதினாறு வருடம், சவத்துக்கு மூன்று,
அத்தனையும் வெற்றுத் தோட்டா.
வேலியில் இருக்கும் காகம்கூட
இப்போதெல்லாம் எழுவதில்லை.

கிளென்டன் கையில் ஊதுகொம்பு.
அவருக்கு ஊதத் தெரியாது.
தெரிந்தவர் எங்கள் மாவட்டத்தில் யாரும் மிச்சமில்லை.
கொம்பின் வாய்க்குள் ஒரு சின்னப் பெட்டி, அது பாடும்.
குளிரில் பேட்டரி செத்துவிடும் என்று
விடியற்காலையிலிருந்து அதை அக்குளில் வைத்திருந்தார்.
பொத்தானை அமுக்கி, உதட்டில் வைத்து,
மரியாதையாகக் கன்னத்தை உப்பினார்.
இருபத்துநான்கு சுரம்.
மீசையில் ஒரு சொட்டு உறைந்திருந்தது.
காற்றுதான் காரணம் என்பார். இருக்கலாம்.

ஆள் குறைவு.
துப்பாக்கியைச் சாத்திவிட்டு
கொடிக்கும் நானே போனேன்.
எதிர்முனையில் டெலோரஸ்.
பதின்மூன்று மடிப்பு.
பருத்திக் கையுறைக்குள் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை.
கடைசி மடிப்பில்
நகக்கண் அளவு சிவப்பு வெளியே எட்டிப் பார்த்தது.
நீலம் மட்டும்தான் தெரிய வேண்டும், நட்சத்திரங்களோடு.
பார்க்க யாரும் இல்லை.
மைனஸ் இருபத்தெட்டு.
டெலோரஸ் என்னைப் பார்த்தார்.
பிரித்தோம்.
முதலிலிருந்து.

ஏழாவது மடிப்பில் ஒரு பிக்கப் வந்து நின்றது.
நெடுஞ்சாலை மோட்டலின் ரொவீனா.
கதவைச் சாத்தாமலே ஓடி வந்து,
"சாவி" என்றாள்.
"ஒன்பதாம் எண் அறைச் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது.
பெட்டியை மூடிவிட்டீர்களா?"

மூடியாயிற்று.

உறவுக்கென்று ஒரு மடக்கு நாற்காலி போடுவது எங்கள் வழக்கம்,
வருகிறார்களோ இல்லையோ.
உட்காரச் சொன்னோம்.
நான் யாருமில்லை என்றாள்.
அப்படியும் உட்கார்ந்தாள்.
டெலோரஸ் ஒரு முழங்காலில் இறங்கினார்.
அந்த முழங்கால் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.
நன்றியுள்ள நாட்டின் சார்பில் என்று
ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார்.

முக்கோணத்தை இரண்டு கையாலும் வாங்கி
மடியில் வைத்துக்கொண்டு
"நாற்பது டாலர் பாக்கி" என்றாள் ரொவீனா,
எங்களைப் பார்க்காமல்.
கொஞ்சம் கழித்து,
"என் ஹீட்டரை மூன்று தடவை சரிசெய்து கொடுத்தார்.
நான் அதைக் கழிக்கவே இல்லை."

பிறகு ஐந்து பேரும் குனிந்து
தோட்டா உறைகளைத் தேடினோம்.
ஒன்பதில் எட்டுக் கிடைத்தது.
மூன்றை அவள் கோட்டுப் பையில் போட்டோம்.
ஒன்பதாவது, சூட்டோடு சூடாக,
பனியில் தனக்கொரு குழி தோண்டி
உள்ளே போயிருக்கும்.
ஏப்ரலில் வெளியே வரும்.

வியாழக்கிழமை இரண்டு பேர்.
கிளென்டன் பேட்டரியை எடுத்து
மறுபடி அக்குளில் வைத்துக்கொண்டார்.